ஃபக்ருன்னிசா டீச்சரும் பெற்றோர் போட்ட வட்டமும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மன்றத் தலைவர், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் பாஸ்கரன் அவர்களே, பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் முன்னாள் செயலாளர், என் அருமை கஜபதி அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவர் ஜாபர் அலி பாய் அவர்களே, பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கும் குடும்பத்தாரே, குவார்ட்டர்ஸ் தாய்மார்களே, உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கமே நின்றுகொண்டிருக்கும் என் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் உத்தமன். நம் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப். படிப்பு பதினொன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் படித்தவர்கள். அவர்கள் டீச்சரைக் கல்விக்கடல் என்றார்கள், அறிவுச்சுடர் என்றார்கள். எனக்கு அந்த மாதிரிச் சொற்கள் வராது. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த மேடையில் இருப்பவர்களிலேயே டீச்சரிடம் அதிக வருஷம் படித்தவன் நான்தான். பாஸாகாதவன்தானே அதிக வருஷம் படிக்க முடியும்!

டீச்சரின் படத்தை வைத்து மாலை போட வேண்டாம், அது எங்கள் வழக்கம் இல்லை என்று ஜாபர் பாய் கேட்டுக்கொண்டார். சரி என்றோம். ஆகவே மேடையில் படம் இல்லை. எனக்கும் அது நல்லதாகத்தான் படுகிறது. படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினால் டீச்சர் நடுவில் எழுந்து என்னைத் திருத்திவிடுவாரோ என்று பயம் வந்திருக்கும்.

அழுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. டீச்சர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர் வகுப்பை மூடிவிடலாம், மாடி அறையைக் கல்யாணப் பாத்திரம் வைக்கும் அறையாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பெரியவர்களுக்கு இனி எதற்கு என்று கேட்கிறார்கள். எதற்கு? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். டீச்சரைப் புகழ்வது அதற்குள்ளேயே வந்துவிடும்.

அது எண்பத்தேழு. ஒரு பெரிய அதிகாரி மாற்றலாகிப் போகும்போது தன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை மன்றத்துக்கு விட்டுப் போனார். கம்ப்யூட்டர் என்றால் இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரி இல்லை. கீபோர்டு மட்டும்தான். அதை ஒரு கறுப்பு வெள்ளை டிவியோடு மாட்ட வேண்டும். மாட்டினால் திரையில் ஒன்றும் வராது, ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக் மினுக் என்று கண் சிமிட்டும். கஜபதி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, பேஷண்ட் பொழைச்சிகினு கீறான், ஆனா பேச மாட்டேன்றான்" என்றார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்கு உயிர் கொடுக்க வந்தவர்தான் நம் ஃபக்ருன்னிசா டீச்சர். கணக்குப் பட்டம் படித்துவிட்டு, அண்ணா சாலையில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். ஜாபர் பாய் ஸ்கூட்டரில் பூந்தமல்லியிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிடுவார். வகுப்பு முடியும்வரை இதே வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாய், அந்தப் பேப்பரில் விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தவர் நீங்கள். உங்களுக்கு இந்த நகரத்தில் எந்த வீடு எப்போது வாடகைக்கு வந்தது என்று எல்லாம் தெரிந்திருக்கும்!

வகுப்பு பிள்ளைகளுக்குத்தான். என் மகள் சுசீலா அப்போது ஏழாம் வகுப்பு. நான் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மற்ற அப்பாக்களோடு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். அங்கே நாங்கள் செய்த வேலை என்ன? ஓவர்டைம் பேச்சு, இட்லி விலை பேச்சு, யாருக்கு எந்த குவார்ட்டர்ஸ் அலாட் ஆனது என்ற பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வெளியே வந்து நின்றார்.

"எல்லாரும் சும்மாதானே உக்காந்திருக்கீங்க? பசங்க முடிஞ்சதும் ஒரு மணி நேரம் நீங்க வாங்களேன்."

"எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"கத்துக்கத்தான்."

"எங்க கையில குடுத்தா ஒடச்சுடுவோம் டீச்சர். அப்புறம் அது எங்க சம்பளத்துல பூடும்."

"ஒடைஞ்சா நான் பாத்துக்கறேன். செருப்பை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க."

செருப்பு! அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது சட்டம். ஏ.சி. இருக்கிற அறைக்குத்தான் அந்தச் சட்டம் என்று பின்னால் தெரிந்தது. நம் மாடி அறையில் ஏ.சி. ஏது? சுவரில் ஒரு ஃபேன், அது வலது பக்கம் திரும்பினால் மறுபடி இடது பக்கம் வர யோசிக்கும். ஆனாலும் செருப்பைக் கழற்றினோம். கோயிலுக்குப் போகிற மாதிரிக் கழற்றினோம். கழற்றியதாலேயே பாதிப் பேருக்கு மரியாதை வந்துவிட்டது. மீதிப் பேருக்குக் கரண்ட் அடிக்கும் என்ற பயம் வந்துவிட்டது.

டீச்சர் எங்களுக்கு முதல் பாடமாக எதை எடுத்தார் தெரியுமா? வட்டம். ஒரு வட்டம் போடுவது.

"டீச்சர், வட்டம் போட ஒரு வளையல் போதுமே?" என்று கேட்டாள் என் மனைவி பார்வதம்.

"இந்தத் திரையில வளையல் வைக்க முடியாதும்மா. இங்க புள்ளிதான் இருக்கு. வெறும் புள்ளி. ஒவ்வொண்ணா வைக்கணும்."

எங்களுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வெட்கம். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டியதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். கீழே போகலாம் என்றார்.

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்த ஹால், இந்தத் தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கட்டம் கட்டமாகக் கடப்பைக் கல். டீச்சர் நடுக்கல்லில் நின்றுகொண்டு, ஒரு துணி உலர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கயிற்றின் மறுமுனை எந்தக் கல்லைத் தொடுகிறதோ அந்தக் கல்லில் ஒருவர் நிற்க வேண்டும். இப்படியே சுற்றி வர வேண்டும். ஒரு கல்லுக்கு ஓர் ஆள். அதுதான் புள்ளி.

"ரெண்டு கல்லுக்கு நடுவுல நிக்காதீங்க. இந்தக் கல்லா, அந்தக் கல்லா, முடிவு பண்ணுங்க!"

"டீச்சர், நான் ஒரு கல்லுல அடங்க மாட்டேன்" என்றாள் பார்வதம்.

"நீ நாலு கல்லுடி" என்று நான் சொன்னதற்கு அன்றைக்கு ராத்திரி சோறு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

எல்லோரும் நின்றோம். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தால் வட்டமாகவே தெரியவில்லை. படிக்கட்டு மாதிரி, ஒருவர் ஒரு கல் உள்ளே, அடுத்தவர் ஒரு கல் வெளியே. "இது எங்க டீச்சர் வட்டம்? ரேஷன் கடை கியூ ஒடஞ்ச மாதிரி கீது" என்று சத்தம். டீச்சர் ஒவ்வொருவராக மேடை மேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். என் முறை வந்தது. ஏறிப் பார்த்தேன். ஆண்டவனே! வட்டம்! மேலேயிருந்து பார்த்தால் அழகான வட்டம். ஓரிடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. "யாருடா அங்க நிக்காம போனது?" என்று கத்தினேன். ஹாலே சிரித்தது. நான் நின்ற இடம்தான் அது.

கிட்டத்தில் பார்த்தால் கோணல், தள்ளி நின்று பார்த்தால் வட்டம். இதைப் புரியவைக்க யாராவது ஒரு புத்தகம் எழுதியிருந்தால் நான் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டேன். டீச்சர் என்னைக் கல்லில் நிற்கவைத்தார்.

அடுத்த கட்டம், மிஷின். ஒரு வழியாக எல்லோரும் சேர்ந்து திரையில் ஒரு வட்டம் போட்டோம். அதைப் பார்க்க நம் தலைவர் பாஸ்கரன் ஐயாவை அழைத்தோம். ஐயா அப்போது இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். வீட்டில் தோசையையே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று பேச்சு. மன்னிக்க வேண்டும் ஐயா. அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். டிவி கண்ணாடி மேல் வைத்து அகலம் அளந்தார். உயரம் அளந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"உயரம் ஜாஸ்தி. அகலம் கம்மி. இது முட்டை. ரிஜெக்ட்."

எங்களுக்கு முகம் செத்துவிட்டது. தொழிற்சாலையில் ரிஜெக்ட் என்றால் என்ன? அந்தப் பொருளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மூலையில் தள்ளிவிடுவார்கள். அந்தச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிற புண்ணியவான் நான்தான். ஆனால் டீச்சர் கோபப்பட்டாரா? இல்லை. "அளந்து பார்த்தீங்களே சார், இதுவரைக்கும் யாரும் அளக்கல" என்று சந்தோஷப்பட்டார்! இந்த டிவியில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் நெட்டை, அதனால்தான் வட்டம் நெட்டையாகிறது, மேலும் கீழும் போகிற அளவைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று விளக்கினார்.

பாஸ்கரன் ஐயா டேப்பைச் சுருட்டினார். "அப்ப ரிஜெக்ட் இல்ல. ரீவொர்க். திருத்திட்டா போதும்."

அன்றிலிருந்து நம் மாடி அறையில் தப்பு என்ற சொல்லே இல்லை. ரிஜெக்ட் இல்லை. யாருடைய புரோகிராம் ஓடவில்லை என்றாலும் டீச்சர் சிரித்துக்கொண்டு சொல்வது ஒன்றுதான்: "ரீவொர்க்." பள்ளிக்கூடத்தில் என் முதுகில் பிரம்பு விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. இப்படி ஒரு சொல்லை அப்போது யாராவது சொல்லியிருந்தால், இன்றைக்கு நான் இந்த மேடையில் கல்விக்கடல் என்று பேசிக்கொண்டிருப்பேன்!

இனி எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பொதுக்குழு. இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடந்தது இதுதான்.

கஜபதி அண்ணன் அப்போது செயலாளர். ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரை விற்றுவிடுவது, வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாங்குவது, சனிக்கிழமைதோறும் இந்த ஹாலில் படம் போடுவது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! நானும்தான் தட்டினேன். கலர் டிவி, ஐயா! யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் தட்டிக்கொண்டே எனக்குள் ஒரு சங்கடம். சொல்லிவிடுகிறேன். என் மகள் அந்தச் சமயத்தில் ஒன்பதாம் வகுப்பு. பெண் பிள்ளை வளர வளர அப்பாவிடம் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். சுசீலா குறைத்துக்கொள்ளவில்லை, நிறுத்தியே விட்டாள். கணக்குப் புரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போவாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "உனக்கு தெரியாதுல்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, குடை எடுத்துக்கோ என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் குத்தியது. அவளும் நானும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்ட ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை. "இன்னிக்கு உங்களுக்கு இன்னா எடுத்தாங்க?" என்று நான் கேட்பேன், "உனக்கு இன்னா எடுத்தாங்க?" என்று அவள் கேட்பாள். கம்ப்யூட்டரை விற்றுவிட்டால் அந்தக் கேள்வியும் விலைபோய்விடும்.

டீச்சர் எழுந்தார். "தீர்மானத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் குடுங்க. நாங்க ஒண்ணு காட்டறோம்."

முதலில் பிள்ளைகள். கம்ப்யூட்டரிலேயே வட்டம் போடுகிற ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் வட்டம்.

"அவ்ளோதானா?" என்றார் கஜபதி அண்ணன். "இதுக்கா மாடியில ஒரு ரூம்பு?"

கூட்டம் கொட்டாவி விட்டது. அப்போது டீச்சர், "இப்ப பெத்தவங்க போடுவாங்க. கட்டளை இல்லாம. புள்ளி புள்ளியா" என்றார். பெற்றவர்களில் யார் வருகிறீர்கள் என்று பார்த்தார். பெற்றவர்கள் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். நான் சமோசாவுக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தப்பிக்க இடமில்லை.

"உத்தமன் அண்ணா, வாங்க."

போனேன். ஒரு விரலால் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தேன். "ஏ எழுத்து எங்க கீதுன்னு தெரியாம நைனா தேடறாரு பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பின்வரிசையில் சுசீலா தன் சிநேகிதிகளோடு இருந்தாள். திரும்பிப் பார்த்தேன். புத்தகத்தை முகத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை மானம் என் கையில்!

வட்டத்துக்கு முந்நூற்று அறுபது டிகிரி. பள்ளிக்கூடத்திலிருந்து என் மண்டையில் தங்கிய ஒரே விஷயம் அது. பூஜ்யத்திலிருந்து முந்நூற்று அறுபது வரை ஒவ்வொன்றாகப் போ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வை என்று எழுதினேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் மிஷினைக் கொஞ்சம் சும்மா நிற்கவைக்க ஒரு வரி உண்டு, எல்லோரும் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அதையும் சேர்த்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். மிஷினுக்கு டிகிரி தெரியாது. அதற்கு வேறொரு அளவு. டிகிரியை அதன் அளவுக்கு மாற்றிக் கொடுக்க ஒரு வரி எழுத வேண்டும். வாரா வாரம் டீச்சர் சொன்னது. எழுதவில்லை. ஓட்டிவிட்டேன்.

முதல் புள்ளி வலது ஓரத்தில் விழுந்தது. சரி. அடுத்த புள்ளி அதை ஒட்டி விழ வேண்டும். விழவில்லை. எங்கேயோ கீழே போய் விழுந்தது. அடுத்தது இடது பக்கம். அடுத்தது இன்னும் தள்ளி. அப்புறம் மேலே. திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிதறியது.

"இன்னா உத்தமா, கொசு மருந்து அட்ச்ச மாதிரி கீது!"

"வட்டம் எங்க அண்ணாத்தே, பஸ்ஸை உட்டுச்சா?"

ஹாலே இடிந்து விழுகிற சிரிப்பு. எனக்கு வேர்த்துவிட்டது. மிஷினை நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நிறுத்தாதீங்க."

"தப்பாப் போச்சு டீச்சர்."

"ஓடட்டும். விடுங்க."

விட்டேன். வேறு என்ன செய்ய? புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏன் அடங்கியது? முதலில் கவனித்தவர் நாகர்கோவில் ஜேம்ஸ் அண்ணன். "ஏ, நில்லுங்கப்பா. எல்லாப் புள்ளியும் ஒரே ஓரமாத்தான விழுது? உள்ள ஒண்ணுகூட விழல்லல்லா!"

ஆமாம்! சிதறிய புள்ளிகளுக்குப் பக்கத்தில் புதுப் புள்ளிகள் வந்து உட்கார ஆரம்பித்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. இடைவெளிகள் குறைய ஆரம்பித்தன. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மேல ஓட்டை கெடக்குல்லா!"

"வரும் வரும், இப்ப பாரு... வந்திடுச்சு!"

"கீழ, கீழ, அந்த மூலையில வை!"

"மிஷினுக்குக் காது கேக்குமா மாமே? குந்து!"

அந்தக் கஜபதி அண்ணன் எங்கே இருந்தார் தெரியுமா? டிவிக்கு ஒரு சாண் தள்ளி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் ஓட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். தீர்மானம் எழுதிய காகிதம் அவருக்கு விசிறியாகிவிட்டது. கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் எல்லாம் நிறைந்து, திரையில் ஒரு வட்டம் நின்றது. மூடிய வட்டம். தொழிற்சாலையில் புது வண்டி வெளியே வரும்போது தட்டுவார்களே, அந்த மாதிரிக் கைதட்டினார்கள்.

கண் சிமிட்டும் நேரத்தில் வந்த பிள்ளைகளின் வட்டத்துக்குக் கொட்டாவி. வருமா வராதா என்று எட்டிப் பார்க்கவைத்த வட்டத்துக்குக் கைதட்டல். மனுஷன் மனசை என்ன சொல்ல!

கஜபதி அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "படம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்பா. இது இங்கியே கிடக்கட்டும்." அவ்வளவுதான். தீர்மானம் போய்விட்டது.

கூட்டம் கலைந்தபோது சுசீலா என் பக்கத்தில் வந்தாள். புத்தகம் கையில் இருந்தது, முகத்தில் இல்லை.

"அப்பா, அது எப்படிப்பா வந்துச்சு?"

மகள் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டாள்! எத்தனை நாளாகக் காத்திருந்தேன்! கேட்டது என்னவோ எனக்குத் தெரியாத விஷயம். இரண்டு பேரும் டீச்சரிடம் ஓடினோம்.

டீச்சர் என்ன சொன்னார்? என் அன்பு மக்களே, பட்டம் படித்தவர், பொதுக்குழுவையே வென்றவர், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "எனக்கும் தெரியலங்க. மூடும்னு நான் நெனைக்கல."

"அப்ப ஏன் டீச்சர் நிறுத்த வேணாம்னீங்க?"

"உங்க முகத்தைப் பாத்தேன். நிறுத்தச் சொல்ல மனசு வரல."

அடுத்த ஞாயிறு வந்தபோது டீச்சர் அதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு டிகிரி நகரச் சொன்னேன் நான். மிஷின் தன் அளவில் கிட்டத்தட்ட வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு தாண்டியிருக்கிறது. ஆறு தாண்டல் தாண்டினால் ஒரு சுற்று முடிய வேண்டும், ஆனால் கொஞ்சம் பிசகிப் பழைய புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அப்படியே சுற்றிச் சுற்றி, பிசகிப் பிசகி, எல்லா இடமும் நிறைந்துவிட்டது. பெரியவர்கள் வகுப்பும் பிள்ளைகள் வகுப்பும் அன்றைக்கு ஒன்றாக நடந்தது. நானும் சுசீலாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சு. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் முதுகில் விரலால் புள்ளி வைத்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ வந்தது. பெட்டி மாதிரிக் கம்ப்யூட்டர்கள் வந்தன, மவுஸ் வந்தது. இப்போது மவுஸைப் பிடித்து இழுத்தால் வட்டம். ஆனாலும் புதிதாக வந்த ஒவ்வொரு அப்பாவையும் அம்மாவையும் டீச்சர் முதலில் கல்லில் நிற்கவைத்தார், அப்புறம் புள்ளி வைக்கவைத்தார். கேண்டீனில் வேலை பார்த்த ஞானம்மாள் அக்கா, கையெழுத்துத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லாதவர், அரை வட்டம் போட்டு நிறுத்தி, "இது போதும் டீச்சர், இது நெலா" என்றார். டீச்சர் அதை ரீவொர்க் என்று சொல்லவில்லை. நிலா என்றே ஏற்றுக்கொண்டார்.

என் மகள் இன்று திருமழிசையில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். அவள் சம்பளத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. இப்போதும் சாயங்காலம் வந்ததும், "அப்பா, இன்னிக்கு ஆபீஸ்ல ஒண்ணு ஆச்சு கேளு" என்று ஆரம்பிக்கிறாள். பாதி எனக்குப் புரிவதில்லை. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கிறேன். சொல்கிறாள். பெரியவர்களுக்கு எதற்கு இந்த வகுப்பு என்று கேட்கிறீர்களே, கமிட்டியாரே, இதற்குத்தான்! இந்த குவார்ட்டர்ஸில் எத்தனை வீட்டில் பிள்ளை ஒரு மூலையில், பெற்றவர்கள் ஒரு மூலையில் இருக்கிறார்கள்? உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் பேச உங்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

போன மாதம் டீச்சரைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். ஜாபர் பாய் கதவைத் திறந்தார். டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயது நாற்பதைத் தாண்டவில்லை, உடம்பு அப்படி இளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"ஞாயித்துக்கெழம யாரு எடுக்கறாங்க?"

"பூட்டிக் கெடக்கு டீச்சர்."

டீச்சர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க எடுங்களேன்."

"நானா? நல்லா கேட்டீங்க போங்க! எனக்கு இன்னா டீச்சர் தெரியும்?"

"எண்பத்தேழுல எனக்கு இன்னா தெரியும்னு நெனைச்சீங்க? அந்த மிஷினை நான் அதுக்கு முன்ன தொட்டதே இல்ல. அதோட புக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து, உங்களைவிட ஒரு பாடம் முன்னாடி படிச்சிட்டு வருவேன். அவ்ளோதான். இவரைக் கேளுங்க."

ஜாபர் பாய் தலையாட்டினார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தும் படித்துக்கொண்டு வருவாராம். வேலப்பன்சாவடித் திருப்பத்தில் ஒருமுறை புத்தகம் விழுந்து, பஸ்ஸை நிறுத்தி எடுத்தார்களாம். நாங்கள் சரஸ்வதி என்றும் கம்ப்யூட்டர் மேதை என்றும் நினைத்திருந்தவர், எங்களுக்கு ஒரே ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்! என் மரியாதை குறைந்ததா? பல மடங்கு ஏறிவிட்டது. தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது பெரிய விஷயமா? நமக்காக வாரா வாரம் புதிதாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். நம்மை நம்பி வந்திருக்கிறார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்குள் டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது. ஜாபர் பாய் தண்ணீர் கொடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

டீச்சர், அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, கமிட்டியாரே, உங்கள் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாத்திரங்களுக்கு வேறு இடம் பார்ப்போம். வேண்டுமானால் என் வீட்டு வராந்தாவில் அடுக்குங்கள், பார்வதம் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வகுப்பு உண்டு. நான் எடுக்கிறேன். சுசீலாவிடம் சனிக்கிழமை படித்துவிட்டு வந்து எடுப்பேன். திக்குவேன். பாதியில் மறந்துவிடுவேன். யாராவது கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்வேன், அடுத்த வாரம் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வகுப்பு நிற்காது. ஜாபர் பாய், உங்கள் மனைவி இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனது நிற்காது. இது என் வாக்கு.

பேச்சு இத்துடன் முடிகிறது. இப்போது எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்கப் போகிறோம். அதற்குப் பிறகு தேநீர் இருக்கிறது, கமிட்டிக் கூட்டமும் இருக்கிறது. நான் இரண்டுக்கும் இல்லை. மாடிக்குப் போகிறேன். டீச்சர் படுத்த நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிற அறை, தூசி மண்டியிருக்கும். துடைப்பம் நான் கொண்டுவந்திருக்கிறேன். மேல்பக்க ஜன்னல் மட்டும் எனக்கு எட்டாது. உயரமானவர் யாராவது ஒருவர் கூட வந்தால் நல்லது.